தண்ணீர் இறங்காத ஜாடி

எங்கள் வீட்டில் துண்டு காய மூன்று நாள் ஆகும். ஐப்பசி பிறந்துவிட்டால் சுவரில் கை வைத்தால் கை நனையும். ஜாடியில் உப்பு கரைந்து நிற்கும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் வைத்திருந்தால்தான் குச்சி பற்றும். அப்படிப்பட்ட வீட்டில், ஒரு குழந்தையின் நெஞ்சு காய்ந்துபோகக் கூடாது என்று மிஷின் வைத்து நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

குழந்தை என் தம்பி மகளின் பெண். நான்கு வயது. குறை மாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் வாய் வழியாகக் குழாய் போட்டுக் கிடந்ததில் அவளுடைய மூச்சுக்குழல் உள்ளே சுருங்கிப்போனது. அதனால் தொண்டைக்குழிக்குக் கீழே ஓட்டை போட்டு, சுண்டு விரல் நீளத்தில் வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. குரல் இல்லை. அழுதால் முகம் சிவக்கும், கண்ணீர் வரும், சத்தம் வராது. ஏதாவது வேண்டுமென்றால் பல்லி மாதிரி நாக்கைச் சொடுக்குவாள். கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தரையில் அடிப்பாள். கோபம் அடிக்கடி வரும்.

என் புருஷன் போன பிறகு நான் தம்பி வீட்டுக்கு வந்தேன். இப்போது தம்பியும் இல்லை, அவன் மனைவியும் இல்லை. தம்பி மகளின் புருஷன் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போர்க் கிணறு போடப் போனால் திரும்பி வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக வீட்டில் அவள், குழந்தை, நான். கீழே சரிவில் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஒரு மாடு.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் ஆஸ்பத்திரியில் தம்பி மகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சளி உறிஞ்சுவது, குழாய் மாற்றுவது, நாடா கட்டுவது. சிஸ்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"மூக்கு எதுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்க? காத்தைச் சூடு பண்ண, ஈரமாக்க, தூசியப் பிடிக்க. பாப்பாவுக்கு மூக்கைத் தாண்டி நேரா உள்ள போகுது காத்து. அந்த வேலைய இனி நீங்கதான் செய்யணும். ஈரம் குறைஞ்சா சளி காயும். சளி காஞ்சா குழாய் அடைக்கும். குழாய் அடைச்சா வேற வழி கிடையாது."

காதில் விழுந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "நீங்களும் வாங்கம்மா, ரெண்டு பேர் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அத்தனை டாக்டர்கள் நிற்கும் இடத்தில் எதையாவது தப்பாகத் தொட்டுவிடுவேன் என்று பயம். அந்தப் பெஞ்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

மிஷின் இரண்டு செங்கல் சேர்த்து வைத்த அளவு இருக்கும். ஒரு பக்கத்தில் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் ஜாடி, அதில் தண்ணீர். ஜாடிக்கு அடியில் தட்டு சூடாகும். மிஷின் காற்றை அந்தத் தண்ணீர் மேல் ஊதி, சூடும் ஈரமும் ஏற்றி, நெளிவு நெளிவான நீளக் குழாய் வழியாகக் கழுத்துக்கு அனுப்பும். அந்த நெளி குழாய் முடியும் இடத்தில் ஒரு ஒயர் செருகியிருக்கும். வருகிற காற்று எவ்வளவு சூடு என்று பார்த்து மிஷினுக்குச் சொல்வது அந்த ஒயர்தான். "இந்த ஒயர் போர்வைக்குள்ள போகக் கூடாது" என்று சிஸ்டர் சொன்னார். போர்வை என்றுதான் சொன்னார். அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன்.

தூங்கும் நேரமெல்லாம் மிஷின். விழித்து விளையாடும்போது கழுத்துக் குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி. அதற்குள் இருக்கும் தாள் அவள் விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து அவளுக்கே திருப்பிக் கொடுக்கும். நாங்கள் அதைக் குட்டி மூக்கு என்போம். அதைக் கழற்றிக் கோழிகள் மேல் எறிவது அவளுடைய விளையாட்டு. ஒரு நாள் சேவல் அதைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, அவள் சத்தமில்லாமல் தரையில் உருண்டு சிரித்தாள்.

ஜாடிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கேனில் அடைத்து விற்பது. அது டவுனிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். மலை ரோட்டின் எழுபது வளைவும் ஏறி வர வேண்டும். மழையில் மண் சரிந்து பஸ் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். ஊற்றுத் தண்ணீர் வாசலிலேயே ஓடும் ஊரில் பஸ்ஸை எதிர்பார்த்து ரோட்டோரம் நிற்பது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. மேல் வீட்டுக்காரி ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், நான் கேனோடு வரும்போதெல்லாம் வேலியோரம் நிற்பாள்.

"ஏனுங்கக்கா, நம்ம சுனைத் தண்ணிய எடுத்துட்டுப் போகக் கீழ இருந்து கார் போட்டுட்டு வாராங்க. நீங்க கீழ இருந்து தண்ணி கொண்டாரீங்களா?"

"டாக்டர் சொன்னதுங்க."

"டாக்டர் இங்க வந்து ஒரு மார்கழி இருந்து பாக்கட்டும். வெளிய நின்னாலே தலை நனையுது. அந்தப் புள்ளைய வாசல்ல உக்கார வெச்சா பத்தாதா? சளி புடிச்ச புள்ளைக்குப் போயி ஈரத்தக் காட்டறாங்களாமா, ஈரத்த!"

நான் கேனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கட்டுவேன். உள்ளேயிருந்து தம்பி மகள்தான் கத்துவாள். "பனி குளிர்ந்த ஈரம், இது சூட்டு ஈரமுங்க சின்னம்மா! குளிர்ந்த காத்து உள்ள போயி சூடாகறப்ப அங்க இருக்கற ஈரத்தையும் குடிச்சுப் போடுமாமா!"

"சரி சரி, கம்முனு இரு தாயி. நீ படிச்சவ."

ஒரு முறை கேன் தீர்ந்த சமயத்தில் மேல் வீட்டுக்காரியின் புருஷன் நல்ல மனதோடு டிராக்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதுவும் வடித்த தண்ணீர்தானாம். தம்பி மகள் சிஸ்டரிடம் போனில் கேட்டதற்கு, "அது பேட்டரிக்கு, இது நெஞ்சுக்கு" என்று வைதார். அந்தக் கேன் இன்னும் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது.

ஐப்பசியில் முதல் முறை குழாய் அடைத்தது. கரண்ட் இரண்டு நாள் இல்லாமல் போய், இன்வெர்ட்டரும் நின்று, மிஷின் ஓடாததால் வந்தது அது. தம்பி மகள் குழாயை மாற்றி, ஜீப் பிடித்துக் குழந்தையைக் கீழே கொண்டுபோனாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அடைத்தால் மலையில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரத்துக்குள் வந்துவிட வேண்டும், மூச்சுக்குழலை அகலப்படுத்தும் ஆபரேஷன் முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்.

அரை மணி தூரத்தில் இருப்பது தம்பி மகளின் மாமியார் வீடு. புளியஞ்சோலைப் பக்கம். நல்ல வீடு, தோட்டம், தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் அந்த அம்மாள் குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டு, நாலு பேர் இருக்கும்போதே, "கழுத்துல ஓட்டையோட ஒண்ணப் பெத்துக் குடுத்திருக்கா" என்றவள். விசேஷம் வந்தால் குழந்தையை உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னவள். அந்தக் கதவுக்குள் என் தம்பி மகள் போய் இருக்க மாட்டாள். இருந்தால் கரைந்துபோவாள். அவள் போனால் இங்கே நானும் மாடும்தான். அதைவிட, குழந்தை நாக்கைச் சொடுக்கினால் என்ன கேட்கிறாள் என்று அவள் அம்மாவைத் தவிர அங்கே யாருக்குத் தெரியும்?

அதனால் குழாய் அடைக்கக் கூடாது. அந்தக் கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

அவள் ஒன்றையும் விடவில்லை. சமையல் அடுப்பை வெளிச் சார்ப்புக்கு மாற்றினாள், புகை ஆகாது என்று. தினமும் ஜாடியைக் கழுவினாள். நெளி குழாயில் தேங்கும் தண்ணீரைத் தட்டிக் கொட்டினாள். மணிக்கொரு தரம் சளியை உறிஞ்சினாள். கரண்ட் போகும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டு விட்டாள். எல்லாம் செய்தும் சளி நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே வந்தது. முதலில் கஞ்சி மாதிரி, பிறகு பசை மாதிரி, பிறகு உறிஞ்சும் குழாயில் ஏறாமல் நூல் இழுத்தது. அவள் போன் பண்ணுவாள். சிஸ்டர் அதே கேள்விகளைக் கேட்பார். மிஷின் ஓடுதா, ஓடுதுங்க. தண்ணி இருக்கா, இருக்குங்க. ஒயர் சரியா இருக்கா, இருக்குங்க. காய்ச்சல் இருக்கா, இல்லீங்க. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாள். பிறகு என் பக்கம் திரும்புவாள்.

"அத்தை, நான் காட்டுக்குப் போனப்ப தண்ணி தீர்ந்துச்சுங்களா?"

"இல்ல கண்ணு. பாதிக்கு மேல இருக்குது."

உண்மைதான் சொன்னேன். தண்ணீர் எப்போது பார்த்தாலும் இருந்தது. முன்பெல்லாம் நாளுக்கு இரண்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது, கார்த்திகை பிறந்த பிறகு நாளுக்கு ஒரு முறை ஊற்றினாலே போதுமாக இருந்தது. கேனும் கூடுதல் நாள் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் வேலை குறைந்தது, மேல் வீட்டுக்காரியின் வாய்க்கும் தப்பினேன். நான் தண்ணீரைச் சிந்தாமல் பார்த்து ஊற்றுவதால்தான் மிச்சமாகிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மிஷின் காற்று சூடாக வந்தாலும் குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருக்கும். தொட்டால் சுனைக் கல்லைத் தொட்டது போல. இங்கே பிள்ளை பெற்ற வீட்டில் கட்டிலுக்கு அடியில் கணப்புச் சட்டி வைப்பது வழக்கம். மண் சட்டியில் நன்றாக எரிந்து தணலான கங்கை அள்ளி, மேலே சாம்பலை மூடி வைத்தால் நாலு மணி நேரம் சூடு நிற்கும். பனி மாதத்தில் பிறந்த பிள்ளைகளை அப்படித்தான் காப்பாற்றினோம். எனக்குப் பிறந்தது ஒன்று, பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போது நான் இருந்த வீட்டில் கணப்பு வைக்க ஆள் இல்லை. குளிரில் போயிற்று என்றார்கள்.

தம்பி மகள் விடிந்ததும் காப்பிப் பழம் பறிக்கச் சரிவில் இறங்குவாள். மதியம் மாட்டைப் பார்க்கப் போவாள். அந்த இரண்டு வேளையும் குழந்தை தூங்கும். அவள் போனதும் நான் வெளி அடுப்பிலிருந்து காப்பிக் கட்டைக் கங்கைச் சட்டியில் எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில், தலைமாட்டில் வைப்பேன். அவள் வரும் சத்தம் கேட்டால் எடுத்துவிடுவேன். நெருப்பு வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள், தெரியும். ஆனால் அவள் சொன்னது புகைக்காக. கங்கில் புகை ஏது? கேட்டால் கூடாது என்பாள், அதனால் கேட்கவில்லை. குழந்தையின் விரல்கள் வெதுவெதுப்பானதும் எனக்கு மனம் நிறைந்துவிடும். அறையும் இதமாக இருக்கும். சுவரில் ஈரம் வற்றும். ஈரம் வற்றுவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. வெளியே பனியில் முருங்கை மரம்கூடத் தெரியவில்லை. அவள் சரிவில் இருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் குழாயில் விசில் மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. சளிதானே, எழுந்ததும் எடுப்போம் என்று இருந்தேன். பிறகு சத்தம் நின்றது. அமைதியாகிவிட்டது என்று நினைத்த அந்த நொடி என்னை இன்னும் விடவில்லை. அவள் கை கட்டில் சட்டத்தில் அடித்தது. திரும்பினால் கண் விரிந்து கிடக்கிறது, உதடு நாவல் பழ நிறம், நெஞ்சு உள்ளே குழிந்து இழுக்கிறது, காற்று போகவில்லை.

உறிஞ்சும் குழாயை விட்டேன். இரண்டு விரற்கடை போய் முட்டியது. உப்புத் தண்ணீர் சொட்டினேன். மறுபடி விட்டேன். முட்டியது. கழுத்துக் குழாயையே மாற்ற வேண்டும். அது எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? குழந்தையின் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அம்மிக் கல்லில் அடித்தேன். கத்தத் தெரியாத எனக்கு அன்று குரல் எங்கிருந்து வந்ததோ.

தம்பி மகள் பழக் கூடையைப் போட்டுவிட்டு வெறுங்காலில் ஏறி ஓடி வந்தாள். நாடாவை வெட்டி, பழைய குழாயை உருவி, புதியதை உள்ளே விட்டு, பலூன் பையால் காற்றை அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அழுத்தலில் குழந்தை இருமினாள். நிறம் திரும்பியது.

பழைய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பலாப் பிசின் காய்ந்த மாதிரி உள்ளே அடைத்திருந்தது. குச்சியால் தள்ளினாலும் வரவில்லை.

"பாதிக்கு மேல தண்ணி இருக்குதே! மிஷின் ஓடுதே! இதுக்கு மேல நான் என்னத்தப் பண்றது?" என்று அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் சட்டி இருந்தது. நான் காலால் அதை இன்னும் உள்ளே தள்ளினேன்.

அன்று மாலையே வடக்கிலிருந்து அவள் புருஷன் போனில் பேசினார். அவர் கத்தவில்லை. "டாக்டர் சொன்னபடி செஞ்சுரு. அம்மாகிட்டச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம கார் வரும்" என்றார். அவள் சரி என்றாள். அந்தச் சரியைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தையின் துணிகளை மடிக்கும்போது அவள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை மடித்தாள்.

வியாழக்கிழமை மதியம் சிஸ்டருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு மடித்துக்கொண்டே பேசினாள். சிஸ்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அவளும் வெறுத்துப்போய், ஓடுதுங்க, இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஊத்தறீங்க?"

"இப்பெல்லாம் அதிகம் ஊத்தறதே இல்லீங்க சிஸ்டர். ஒருக்கா ஊத்துனா மறுநாள் வரைக்கும் வருது. அத்தை சிக்கனமாப் பாத்துக்கறாங்க."

சிஸ்டர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"என்னம்மா சொல்றீங்க? ஜாடித் தண்ணி இறங்கணும். இறங்குனாத்தான் அது பாப்பா நெஞ்சுக்குப் போகுதுன்னு அர்த்தம். இறங்கலைன்னா மிஷின் சூடாகவே இல்ல, வெறும் காத்தை ஊதிட்டு இருக்கு. அந்த ஒயர் பக்கத்துல சூடா ஏதாச்சும் இருக்கா? வெயில் படுதா? பல்பு? அடுப்பு? ஒயர்ல சூடு பட்டா, காத்து ஏற்கனவே சூடா இருக்குன்னு நினைச்சு மிஷின் தன் சூட்டைக் குறைச்சுக்கும்."

"இங்க எங்கீங்க வெயிலு? ஒண்ணுமே இல்லீங்க சிஸ்டர்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். கையில் குழந்தையின் சொக்காய். ஒண்ணுமே இல்லீங்க என்று அவள் இரண்டாம் முறையும் சொன்னாள். சிஸ்டர், அப்போ மிஷின் ரிப்பேரா இருக்கலாம், எதுக்கும் கீழ வந்துருங்க என்றார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது.

வாயால் சொல்ல முடியவில்லை. அவர்கள் பேசி முடிக்கும் முன்பே வெளியே போனேன். அடுப்படியில் சட்டி ஆறிக் கிடந்தது, அன்று மதியம் நான் கங்கு எடுத்திருக்கவில்லை. அதை அப்படியே, சாம்பலோடு, கொண்டுவந்து அவள் முன்னால் கட்டிலில் மடித்து வைத்திருந்த துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். தலைமாட்டுச் சட்டத்தின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

"எத்தன நாளாங்க அத்தை?"

நான் துணிகளில் விழுந்த சாம்பலைத் தட்டினேன்.

"நான் தண்ணிய மாத்துனேன். ஜாடிய மாத்துனேன். கோயிலுக்கு முடி நேந்தேன். என் கை ராசியில்லன்னு என்னையவே வைஞ்சுக்கிட்டேன். நீங்க அடியில நெருப்ப வெச்சுக்கிட்டுப் பாத்துட்டு இருந்தீங்களா?"

"கை சில்லுன்னு இருந்துச்சு கண்ணு."

"சில்லுன்னு இருந்தா ஒறை மாட்டுங்க! மடியில வெச்சுக்கங்க! எனத்துக்குச் சொல்லாம வெச்சீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை, அத்தை! ஒரே ஒரு வார்த்தை!"

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க" என்று சிஸ்டர் குரல் வந்தது. அவள் போனை என் காதில் வைத்து அழுத்தினாள். போனில் நான் வேற்று மனுஷியிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எப்ப இருந்தும்மா வைக்கிறீங்க?"

"கார்த்திகைல இருந்துங்க."

"சட்டி எந்தப் பக்கம்?"

"தலைமாட்டுலீங்க."

"ஒயர் எந்தப் பக்கம் இருக்கும்?"

"அங்கதானுங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. வைவார் என்று நின்றேன். மெதுவாகத்தான் பேசினார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கங்கின் சூட்டில் அறைக் காற்று காய்ந்ததோடு, மிஷினும் ஏமாந்து தன் வேலையை நிறுத்தியிருக்கிறது என்றார். பிறகு, "இன்னொண்ணு கேளுங்கம்மா. குளிருக்குக் கதவைச் சாத்திட்டுத்தானே வெச்சீங்க? மூடின ரூம்ல கங்கு வெச்சா அதுல வர்ற காத்து ஆளையே கொல்லும். புகை தெரியாது, வாசம் தெரியாது. நீங்களும் பாப்பாவும் தூங்குன மேனிக்கே போயிருப்பீங்க" என்றார்.

இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். ஜாடியில் பேனாவால் கோடு போட்டு, வேளைக்கு வேளை தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். தம்பி மகள் கார்காரரைத் திங்கட்கிழமை வரச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நோட்டையும் பேனாவையும் மட்டும் என் முன்னால் தள்ளி வைத்தாள். ஐந்தாம் வகுப்போடு விட்ட கை. கோடு போட்டேன். மணி எழுதினேன். ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அரை விரல் இறங்கியது. சாயங்காலம் ஒரு விரல். கேனில் அளந்து அளந்து மிச்சம் பிடித்தவள், தண்ணீர் குறையாதா என்று தவம் கிடந்தேன். சனிக்கிழமை நெளி குழாயின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சளி கஞ்சித் தெளிவு போல வந்தது. உறிஞ்சும் குழாய் முட்டாமல் போய் வந்தது. அவள் அதைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.

திங்கட்கிழமை கார் வந்தது. துணி மூட்டை இல்லாமல்தான் ஏறினோம், டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது என்று. அவர் நோட்டைப் புரட்டினார். எழுத்து யாருடையது என்று கேட்டார். தம்பி மகள் என்னைக் காட்டினாள். தை முடியும் வரை மலையிலேயே இருந்து பார்க்கலாம் என்றார். ஆனால் அவள் இல்லாத நேரத்தில் குழாய் மாற்றத் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் இருந்தால்தான். இல்லையென்றால் இன்றைக்கே புளியஞ்சோலைதான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை.

முதலில் ஒரு ரப்பர் பொம்மை. அதன் கழுத்தில் பதினோரு தடவை. இரண்டு தடவை குழாயைக் கீழே போட்டேன். சின்ன வயது நர்ஸ் ஒன்று சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு குழந்தை. தம்பி மகள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பழையதை உருவியதும் அந்த ஓட்டை சுருங்குவதைப் பார்த்தேன். புதியதை வளைவு பார்த்து உள்ளே விட்டேன். போயிற்று. குழந்தை இருமி, என் முகத்தில் சளியைத் தெறித்துவிட்டு, கோபத்தோடு நாக்கைச் சொடுக்கினாள்.

"உங்களத்தான் வையறா" என்றாள் தம்பி மகள். நான்கு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இப்போது தை பாதி ஓடிவிட்டது. குழாயை இரண்டு முறை நான் மாற்றியிருக்கிறேன். அவள் காட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று, "சட்டி எங்கீங்க அத்தை?" என்று கேட்காமல் போவதில்லை. கேலியா, கண்டிப்பா, எனக்குத் தெரியவில்லை. சட்டி கொய்யா மரத்தடியில் இருக்கிறது, அதில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. அவளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். டவுன் தண்ணீர் முன்னைவிட இரண்டு மடங்கு செலவாகிறது. நேற்று மறுபடி பஸ் வரவில்லை, ரோட்டில் இரண்டு மணி நேரம் நின்றேன். மேல் வீட்டுக்காரி, "இன்னும் எத்தன கேன் குடிக்குமுங்கக்கா அந்த மிஷினு?" என்றாள்.

"குடிக்கோணும். குடிச்சாத்தான் புள்ளைக்குச் சேரும்" என்றேன். இவ்வளவு பெரிய பதிலை என்னிடமிருந்து அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு ஒரு விரல் இறங்கியிருந்தது. எழுதிவிட்டேன். மேல் வீட்டுக்காரி பின்னிக் கொடுத்த கம்பளி உறையைக் குழந்தையின் கைகளில் மாட்டியிருந்தேன், அவள் தூக்கத்திலேயே அதைக் கழற்றி எறிந்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது. என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டு, ஒயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறேன்.